லாரி திரும்பி வந்த படம்

என் முதல் திரை விமர்சனத்தை நான் சோற்று வரிசையில் நின்றுகொண்டுதான் சொன்னேன். கையில் எவர்சில்வர் தட்டு, முன்னால் முப்பது பெண்கள், பின்னால் இருபது பெண்கள். ஜவ்வாது மலை மேலே இருக்கும் அரசு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் வெள்ளிக்கிழமை தோறும் சண்டைப் படமோ பேய்ப் படமோ பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று கைப்பேசியில் பேசிப் போடுகிறேன். முகம் தெரியாத சில ஆயிரம் பேர் கேட்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் கேட்டது போல எவரும் கேட்டதில்லை.

அந்த விடுதியில் சேர்ந்து முதல் மூன்று மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. மற்ற பெண்களெல்லாம் ஊருக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று கும்பலாக வந்திருந்தார்கள். கும்பலாகவே சாப்பிட்டார்கள், கும்பலாகவே பாய் விரித்தார்கள். எங்கள் ஊர் பன்னிரண்டு வீட்டு ஊர். அதிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். என் பாய் கதவோரம் கிடந்தது. காற்றும் அந்த வழியாகத்தான் வரும், செருப்பும் அங்கேதான் கிடக்கும். எனக்கு அப்போது யாரும் இல்லை. இதைச் சொல்வதற்கு வேறு நாசூக்கான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே அம்மாவும் மாமாவும். அப்பா குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். மலையில் அது பெரிய செய்தியே இல்லை. மேஸ்திரி வந்து ஆள் சேர்ப்பார், பாதி ஊர் பூட்டிக்கொண்டு கிளம்பும், மழைக்கு முன்னால் திரும்பி வந்து சாமை விதைப்பார்கள். அப்பா போய் இரண்டு மழை ஆகிவிட்டது. அவருடைய எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண் கன்னடத்தில் ஏதோ சொல்வாள். அம்மா அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது விவரம் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அவர் ஒரு நாள் திடீரென்று, மாதம் ஒரு சனிக்கிழமை என்னைப் போளூருக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டப்போவதாக அறிவித்தார். பிள்ளை வாடிப்போய்க் கிடக்கிறாள், நாலு ஜனத்தைப் பார்க்கட்டும் என்றார். அம்மாவுக்கும் அது சரியென்று பட்டது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

முதல் பஸ்ஸில் இறங்கினால் காலைக் காட்சிக்குச் சரியாக இருக்கும். போளூரில் மாமா போகிற தியேட்டர் ஒன்றே ஒன்றுதான். அதில் ஓடுவதும் இரண்டே வகைதான்: ஒன்று அடிப்பார்கள், இல்லையென்றால் பேய் வரும். டிக்கெட் கொடுக்கிற அக்காவிடம் மாமா படத்தின் பெயரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "எத்தினி மணி நேரம் ஓடும்க்கா?" என்றுதான் கேட்பார். மூன்று மணி நேரம் என்றால் முகம் மலரும். கொடுக்கிற காசுக்கு முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைக்கிறார், எவ்வளவு நல்ல மாமா என்று நான் பூரித்துப்போவேன்.

ஆனால் டிக்கெட் ஒன்றுதான் எடுப்பார். பெண்கள் பக்கம் வரிசை ஓரமாக என்னை உட்காரவைத்து, கையில் முறுக்குப் பொட்டலம் கொடுத்து, முதல் நாளே ஒப்பந்தம் பேசிவிட்டார்.

"இருட்டுல ஒக்காந்தா எனக்குத் தல சுத்தும். நீ பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. அம்மா கேட்டா ரெண்டு பேரும் பாத்தோம்னு சொல்லிக்கலாம். தனியா வுட்டேன்னு தெரிஞ்சா அப்புறம் உன்ன அனுப்பவே மாட்டா."

எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாமா போனால் போகிறார், படம் இருக்கிறதே.

பேய்ப் படத்தைத் தனியாகப் பார்ப்பது தனிக் கலை. மற்றவர்கள் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவளைக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு இருந்தது நாற்காலிக் கைப்பிடி. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணை மூடுவேன். ரொம்ப முற்றிப்போனால் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூடுவேன். இதிலிருந்துதான் என் தரப் பட்டியல் பிறந்தது: ஒரு கைப் படம், இரண்டு கைப் படம், கையே வேண்டாத படம். கையே வேண்டாத படத்துக்கு யாரும் போகக்கூடாது. சண்டைப் படத்துக்கு வேறு அளவுகோல். தியேட்டரில் எப்போதும் யாராவது ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்திருப்பாள். நல்ல சண்டை என்றால் அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு அழ வேண்டும். படம் முழுக்கக் குழந்தை தூங்கியது என்றால் ஹீரோ சரியாக அடிக்கவில்லை என்று அர்த்தம்.

படம் முடிந்து வெளியே வந்தால் வெயிலில் மாமா நிற்பார். சில நாள் முகம் கறுத்திருக்கும், சில நாள் சட்டையெல்லாம் தவிடு அப்பியிருக்கும். நான் எதையும் கேட்டதில்லை. எனக்குச் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது.

மலை ஏறுகிற பஸ்ஸில்தான் எங்கள் தேர்வு நடக்கும். வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்பதால் கையில் ஒரு எலுமிச்சம்பழம். அதை முகர்ந்துகொண்டே கதையை ஆரம்பிப்பேன்.

"சண்ட எத்தினி?"

"அஞ்சு மாமா."

"மொத சண்ட எங்க?"

"மார்க்கெட்ல. தக்காளி எல்லாம் நசுங்கிப் போவும்."

"தக்காளி. செரி. வில்லனுக்கு மீசை கீதா?"

இப்படி ஒன்று விடாமல் கேட்பார். நான் சொல்லி முடித்ததும் அவர் திருப்பிச் சொல்வார், நான் திருத்துவேன். ஊர் வந்து சேரும்போது மாமா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர் மாதிரி ஆகிவிடுவார். ராத்திரி சாப்பாட்டில் அம்மாவிடம் கையைக் காலை ஆட்டி அவர்தான் சொல்வார். அம்மா சிரிப்பாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அந்த மாதிரிச் சனிக்கிழமைகளில் மட்டும்தான்.

அந்தச் சூட்டோடு ஒரு திங்கட்கிழமை விடுதி வரிசையில் நின்றபோதுதான், எனக்கு முன்னால் நின்ற ஒன்பதாம் வகுப்பு அக்கா திரும்பிப் பார்த்தாள். வரிசையை ஒழுங்குபடுத்துகிற பொறுப்பு அவளுடையது. குரலும் அதற்கேற்ற குரல்.

"ஏய், நீ போளூர்ல படம் பாத்தியாமே? எப்பிடிக் கீது?"

ஒரு கைப் படம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். அவ்வளவுதான், வரிசையே வளைந்து வட்டமாகிவிட்டது. சமையல்காரம்மா கரண்டியைத் தட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் கலைந்தார்கள்.

அந்தப் பெண்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அவர்களில் பலருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மலையிலிருந்து இறங்கிப் படம் பார்க்க வாய்க்கும். அப்பன்மார் தோட்டத்திலிருந்து திரும்பி, கையில் நாலு காசு இருக்கிற ஒரு வாரத்தில், ஒரே ஒரு படம் கேட்கலாம். அது மொக்கையாகப் போய்விட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள்.

"நல்லா இல்லனா இல்லன்னு சொல்லிடணும். எங்கப்பா ஒரு தபாதான் கூட்டிம்போவும். தப்பாச் சொன்ன, வரிசையில கடைசிக்கி அனுப்பிடுவேன்."

இன்றுவரை எந்தத் தயாரிப்பாளரும் என்னை இப்படி மிரட்டியதில்லை.

இரண்டு மாதத்தில் என் பாய் கதவோரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. தலை பின்னிவிட ஆள் கிடைத்தது. துணி துவைக்கிற கல்லில் எனக்கென்று ஓர் ஓரம் ஒதுக்கினார்கள். மாதம் ஒரு படம்தான், ஆனால் அதை நான்கு வாரத்துக்கு இழுத்துச் சொல்லத் தெரிந்துகொண்டேன். இழுக்க இழுக்கக் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ந்தது. பேய் ஏன் செத்தது என்று படத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், நான் சொல்லிவிடுவேன். நல்லவன் ஒருத்தன் அநியாயமாகச் சாவான், எனக்கு மனசு கேட்காது, ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்துவிடுவேன்.

குட்டு வெளிப்படாதா என்றால், வெளிப்படவில்லை. நான் சொன்ன படத்தை அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, "தியேட்டர்காரன் ஆஸ்பத்திரி சீன வெட்டிட்டான்டி, ஏமாத்துக்காரன்" என்று திட்டினாள். எல்லோரும் சேர்ந்து தியேட்டர்காரனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

அந்தத் தைரியத்தில்தான் மாசி மாதம் அந்த லாரிப் படத்தில் கை வைத்தேன்.

அடிதடிப் படம். ஹீரோவுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. குழந்தை மூன்று தடவை விழித்து அழுத அருமையான சண்டைகள். (தியேட்டர் குழந்தையைச் சொல்கிறேன்.) எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஹீரோ தன் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஒரு லாரியில் ஏறிப் போய்விடுகிறான். தன்னோடு இருந்தால் மகளுக்கு ஆபத்தாம். மகள் தெருவில் நின்று பார்க்கிறாள். லாரி சின்னதாகிக்கொண்டே போகிறது. எழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். இது ஒரு முடிவா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட்டுகிற ஆள் வந்து எழுப்பித்தான் வெளியே போனேன்.

அன்று மாமாவின் முகம் தெளிவாக இருந்தது. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்து, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் கதை சொன்னேன். கடைசி இடம் வந்ததும் வாய் தானாக வேறு பாதையில் போயிற்று.

"லாரி போவுது மாமா. பாப்பா நின்னுனு பாக்குது. அப்புறம் லாரி நிக்குது. திரும்புது. அவன் குதிச்சு எறங்கி ஓடியாந்து பாப்பாவத் தூக்கிக்கிறான்."

மாமா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். என்னையே பார்த்தார்.

"நெஜமாவா? திரும்பி வந்துட்றானா?"

"ஆமா மாமா. எல்லாரும் கைதட்னாங்க."

மாமா சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தேர்வே நடக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டேன், பிறகு சொல்கிறேன் என்றுவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. புளி உடைக்கிற சமயம். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அம்மா ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள், நான் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா படம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சொல்லி நான் பார்த்ததில்லை. லாரி திரும்புகிற இடத்தில் எழுந்து நின்று, ஓடி வந்து, என்னையே தூக்கிக் காட்டினார். பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது புளி மூட்டை ஏற்ற வந்திருந்த வேன் டிரைவர், தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாண்ணா கத வுட்ற? போன வாரந்தான் செங்கத்துல பாத்துட்டு வந்தேன். லாரி எங்க திரும்புச்சி? போனவன் போனவந்தான்."

மாமா இல்லை என்றார். டிரைவர் பந்தயம் கட்டினார். பெண்கள் சிரித்தார்கள். கேலி கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் போய் வந்தது. பிறகு மாமா பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி ஆகியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வேன் டிரைவர் மகள் எங்கள் விடுதியில் படித்தாள். செய்தி திங்கட்கிழமை வரிசைக்கு வந்துவிடும். அப்புறம் என் பாய் எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து புளியங்கொட்டை பொறுக்கினேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை.

"நீ படமே பாக்கல."

மாமா சிதறிக் கிடந்த புளி ஓட்டைக் காலால் ஒதுக்கினார்.

"ஒரு வாட்டியும் பாக்கல, இல்ல? பொட்டப் புள்ளய இருட்டுல தனியா ஒக்கார வெச்சிட்டு நீ எங்கடா போன? மூணு மணி நேரம் எங்க போன?"

அம்மாவின் கையில் பாதி உடைத்த புளி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்.

"கடைக்கிப் போனேன்க்கா."

என்ன கடை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஒருத்தன் வெறுமனே கடை என்றால் அது ஒரு கடைதான். அம்மா எழுந்து உள்ளே போய் அவருடைய துணியைப் பையில் திணித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத" என்பதை அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நல்லவேளை, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

கிளம்புவதற்கு முன் மாமா என் பக்கம் வந்து குந்தினார்.

"லாரி திரும்பலியா?"

"திரும்பல மாமா."

"செரி" என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் என்னைக் கோபித்துக்கொண்டாரா இல்லையா என்பதுகூட எனக்குப் புரியவில்லை. அந்த வாரமே மிளகு பறிக்க ஆள் சேர்த்த மேஸ்திரியோடு, மலையின் அந்தப் பக்கம் திருப்பத்தூர் வழியாக இறங்கிக் குடகுக்குப் போய்விட்டார்.

அத்தோடு போளூர் நின்றது. ஒன்பதாம் வகுப்பு அக்கா அடுத்த மாதம் கேட்டாள், அதற்கடுத்த மாதமும் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. போஸ்டரைப் பார்த்துக் கதை கட்டியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. பாயை யாரும் தள்ளவில்லை. நானேதான் கதவோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனபோது, திருப்பத்தூர் பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப மாமா வந்தார். அதற்குள் அம்மா அவரை வீட்டுக்குள் விட்டிருந்தாள். அப்பாவைப் பற்றியும் அவளுக்கு யார் மூலமோ ஏதோ தெரிந்து, என்னிடம் எதுவும் சொல்லாமல், அந்தக் கன்னடப் பெண்ணுக்குப் போன் போடுவதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மாமா டீயை ஆற்றிக்கொண்டே, ஏதோ பழைய ஊர்க்கதை போலச் சொன்னார்.

அப்பா குடகில் ஒரு வருஷம்கூட இல்லையாம். போளூரில் அந்தத் தியேட்டருக்குப் பின்தெருவில் வேறொரு குடும்பத்தோடு இருந்திருக்கிறார், அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டு. மாமா தற்செயலாகப் பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் எனக்குப் படம் காட்டுகிற எண்ணம் அவருக்கு வந்தது. நான் உள்ளே பேய்க்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் அவர் அந்த ஆலை வாசலில் நின்று அப்பாவைக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா. குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போனியே."

"அவ புருஷன் தோட்டத்துல கீறான்னு நெனச்சினு புளி ஒடச்சினு இருந்தா. அங்க போய் இன்னான்னு சொல்றது?" டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த லாரிப் படத்தன்னிக்கி ஒத்துக்கினான், தெரியுமா? வூட்டுக்கு வர மாட்டேன்னான். கொழந்தய மட்டும் ஒரு தபா பாக்கறேன், அடுத்த மாசம் நீங்க வர்ற சனிக்கெழம தியேட்டருக்கு வர்றேன், அவ பக்கத்துல ஒக்காந்து படம் பாக்கறேன்னான். அத வெச்சினு மெல்ல இட்டாந்துடலாம்னு நெனச்சேன்."

வந்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றார் மாமா. அவர் அப்போது குடகில் இருந்தார். மழை முடிந்து திரும்பி வந்து அந்தப் பின்தெருவில் போய்ப் பார்த்தபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்களாம். அதற்குப் பிறகு அப்பாவை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் விடுதியில்தான் இருந்தேன், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. என்ன படம் என்பது மட்டும் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பஸ் நிறுத்தத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பேய்ப் படம். இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பழைய படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதன் பெயரைப் போட்டு, ஒரு கையா இரண்டு கையா என்று கேட்கிறார்கள். நான் பதில் போட்டதில்லை. அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.